ஒழுகட்டும், விடு

1

வெளிநாட்டுக்குப் போய்ப் பெருச்சாளிக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவள் என்று செஞ்சிக் கடைத்தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தவர் வேறு யாரும் இல்லை, என்னைப் பெற்ற நைனாதான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருக்கிற எங்கள் பூஜைச் சாமான் கடைக்குக் கற்பூரம் வாங்க வருகிறவர்களிடம், மீதிச் சில்லறையோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அமாவாசை தோறும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் கடையைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். ஆகவே செய்தி இந்நேரம் அவலூர்பேட்டையையும் கடந்து போயிருக்கும்.

போன புரட்டாசி அமாவாசை அன்று நான் இருக்கிற ஊரில் நடந்த ஒரு விஷயத்தை நைனா பாதி பார்த்தார், மீதியைத் தானே கட்டிச் சொல்லிவிட்டார். நடந்தது நடந்தபடி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் என் அசட்டுத்தனமும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்கப்போவதில்லை. மறைத்தாலும் என் மகள் கயல் சொல்லிவிடுவாள்.

2

நாங்கள் இருப்பது கனடாவின் மேற்குப் பக்கம், ராக்கி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். என் கணவர் செல்வம் கம்ப்யூட்டர் வேலை. நான் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறேன். நாள் முழுக்க ஊசியால் குத்துவதும், பிறகு அதே இடத்தில் பஞ்சை வைத்து அடைப்பதும்தான் வேலை. குத்துவதைவிட அடைப்பதில்தான் எனக்குத் திருப்தி அதிகம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் தெரியும்.

கயலுக்குப் பதினாறு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இத்தனை மணி நேரம் பொதுச் சேவை செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம். அவளுடைய தோழி ஒருத்தி ஊருக்கு வெளியே ஓடும் ஒரு ஓடையில் சனிக்கிழமைதோறும் வேலை செய்யப் போகிறாள் என்று இவளும் சேர்ந்தாள். காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடிகிறவரை வண்டிக்குள் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடிப்பதுதான் என் பங்கு.

முதல் வாரம் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே வரிசையாகக் கம்பம் அடித்து, கம்பத்துக்குக் கம்பம் விலோ மரத்துக் கிளைகளை உள்ளும் வெளியுமாக விட்டுப் பின்னிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஆட்டுக்குப் படல் பின்னுவோமே, கிட்டத்தட்ட அதேதான். மூன்றாவது வாரம் என் கால் சேற்றில் இருந்தது.

அங்கே எல்லாவற்றுக்கும் தலைவி மேகன். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும், விலங்கியல் படித்தவள், தலைமுடியில் எப்போதும் ஒரு சுள்ளியாவது மாட்டியிருக்கும். முதல் நாள் வட்டமாக நிற்க வைத்து, அவரவர் பெயரையும் பிடித்த மிருகத்தையும் சொல்லச் சொன்னாள். ஆடு என்றேன். ஏன் என்று கேட்டாள். உண்மையான காரணத்தை அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை, சாதுவான பிராணி என்று சமாளித்தேன். கயல் எனக்கு மட்டும் கேட்கும்படி, "பிரியாணின்னு சொல்லு" என்றாள்.

அப்புறம் ஒரு கூத்து. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட தொண்டர்கள், பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்வதென்றால், போலீஸில் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் போய்ப் பணம் கட்டி, படம் எடுத்துக்கொண்டு, செஞ்சியில் எந்தத் தெரு என்பதுவரை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி நைனாவிடம் சொன்னபோது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காசு வாங்காம சேறு மிதிக்கிறதுக்கு போலீஸ் சர்டிபிகேட்டா? இன்னாம்மா ஊரு அது?"

"பிள்ளைங்க வர இடம் இல்லியா நைனா, அதான்."

"சரி, மிதிச்சி இன்னா செய்யப் போற?"

"பீவருக்கு வீடு."

"அது இன்னா?"

பீவருக்குத் தமிழில் பெயர் இல்லை. நீர்நாய் வேறு. யோசித்து, "பெருச்சாளி மாதிரிதான் இருக்கும் நைனா, ஆனா ஒரு ஆட்டுக்குட்டி பெருசு. வாலு மட்டும் தோசைத் திருப்பி மாதிரி தட்டையா இருக்கும்" என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. கடைக்காரரிடம் பெருச்சாளி என்று சொல்லலாமா? போன வருஷம்தான் ஒன்று கடைக்குள் புகுந்து ஊதுவத்தி மூட்டையில் பாதியைக் கடித்துத் துப்பியிருந்தது.

"நான் இங்க பொறி வெச்சி புடிக்கிறன். நீ அங்க வூடு கட்டி குடுக்கிறியா? இதுக்கா ப்ளேன் ஏறிப் போன?" என்று போனை வைத்துவிட்டார்.

3

பீவர் மரத்தைப் பல்லாலேயே அறுத்துச் சாய்க்கும். அதையும் சேற்றையும் கல்லையும் இழுத்து வந்து ஓடைக்குக் குறுக்கே தானாக அணை கட்டும். அணைக்குப் பின்னால் குளம் தேங்கும். குளத்துக்கு நடுவில் அதன் வீடு. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஓடை எல்லாம் படிப்படியாகக் குளமாக இருந்ததாம். தோலுக்காகப் பீவரை வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, பனி உருகி வருகிற தண்ணீரைத் தடுக்க ஆள் இல்லை. ஓடை நேர்க்கோடாகப் பள்ளம் பறித்துக்கொண்டு ஓடி, ஆகஸ்டு மாதம் வந்தால் கூழாங்கல்லும் ஒரு நூல் தண்ணீரும்தான் மிச்சம்.

மேகன் இதை விளக்கியபோது மற்றவர்கள் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்தார்கள். எனக்குக் குறிப்பு எதற்கு? செஞ்சியில் பிறந்தவர்களுக்கு இது தெரியாதா? கோட்டை மலைப் பாறையில் பெய்கிற மழை மண்ணில் இறங்க நேரம் எடுக்காமல் வழிந்து வந்துவிடும். ஏரி பிடித்துக்கொண்டால் உண்டு, விட்டால் போச்சு.

நான் எட்டாவது படித்தபோது ஒரு கார்த்திகை மாதம், அடைமழையில் ஏரிக்கரை ஓரிடத்தில் ஒழுக ஆரம்பித்தது. கடைத்தெரு முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டுக் கரைக்கு ஓடியது. மணல் அள்ளிப் போடச் சாக்கு வேண்டும் என்றார்கள். நைனா கடையிலிருந்த காலிச் சாக்கை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனையும் விபூதி வந்த சாக்கு. மழையில் நனைந்து விபூதி கரைந்து, கரையில் நின்ற ஒருவர் விடாமல் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகிவிட்டார்கள். கண்டக்டர், டீக்கடைக்காரர், தாலுகா ஆபீஸ் ஆட்கள், எல்லோரும் சாமியார்கள். சிரித்துக்கொண்டே மண்ணை மிதித்தோம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் மிதித்தேன். சாயங்காலம் கசிவு நின்றது. இரண்டு நாள் கழித்து ஏரி நிரம்பிக் கோடி போனது.

கோடி என்பது கரையின் கடைசியில் இருக்கும் கல் கலிங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து போகும். எங்கள் பக்கத்தில் "ஏரி கோடி போவுதாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், அன்றைக்கு யாரும் வேலை பார்க்க மாட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டு, கற்பூரம் காட்டிவிட்டு வருவார்கள். அந்த வருஷம் நைனா காசு வாங்காமல் கற்பூரம் கொடுத்தார். நான் ஊரில் இருந்தவரை அவர் அப்படிக் கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. தண்ணீர் ஒழுகினால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூடப் போய் மணி அடித்துச் சொல்லிவிடுவேன்.

4

கோடை முடிவதற்குள் நாங்கள் பின்னிய படல் அணை தயாரானது. ஆகஸ்டில் கயலின் சேவை மணி நேரமும் நிறைவடைந்தது. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை காலையில் அவள் போர்வையை விட்டு வரவில்லை. "உன்னோட பீவரைக் கேட்டதா சொல்லு" என்பாள் போர்வைக்குள்ளிருந்து. பிள்ளைக்குத் துணையாக வந்த நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். வருத்தம்தான். வாரத்தில் அந்தக் காலை ஒன்றில்தான் அவள் என்னோடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தாள். மற்ற நாளெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போகிறவள்.

செப்டம்பரில் ஒரு ஜோடி பீவர் வந்தது. கீழே ரோட்டுப் பாலத்துக்கு அடியில் அணை கட்டி, மழைத் தண்ணீரை ரோட்டின்மேல் ஏற்றிவிட்ட ஜோடி. சுட்டுவிடுவதாக இருந்தார்கள். மேகன் எங்கெங்கோ நடந்து, எந்தெந்த ஆபீஸிலோ அனுமதி வாங்கி, உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து மேல் ஓடையில் விட்டாள். இரண்டும் அங்கேயே தங்கினால் பிழைத்தன. கீழே ரோட்டுக்கே திரும்பினால் துப்பாக்கிதான்.

இன்னொரு கண்டமும் இருந்தது. ஓடை ஓடுவது வால்ட்டர் என்கிற மாட்டுப் பண்ணைக்காரரின் நிலத்தில். எழுபது வயது, பேச்சு குறைவு, முகத்தில் சிரிப்பு அதைவிடக் குறைவு. மேகனுக்காகத்தான் ஒப்புக்கொண்டார். "முதல் பனி விழறவரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அதுங்க இங்க குடியேறலைன்னா, உங்க கம்பத்தையெல்லாம் பிடுங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆக, அந்தப் படல் அணையில் பீவர் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் பனிக்கு முன்னால். எங்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் கவலை.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை அங்கே திருப்பினேன். தனியாக யாரும் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். நான் வேலை செய்யப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். அணையில் நாலைந்து இடத்தில் தண்ணீர் சளசளவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் இத்தனை மாதம் பாடுபட்டது எல்லாம் கண்ணெதிரே ஒழுகிப் போகிறது. எனக்கு மனசு தாங்கவில்லை. ரப்பர் பூட்ஸ் எப்போதும் டிக்கியில் கிடக்கும்.

இருட்டுவதற்குள் முடித்துவிட்டேன். கரையிலிருந்து களிமண் எடுத்து, புல்லோடு சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு பொத்தலாகத் திணித்து, மேலே ஏறி மிதி மிதி என்று மிதித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சத்தமே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை. வீடியோ எடுத்து நைனாவுக்கு அனுப்பினேன். வீட்டுக்குப் போவதற்குள் போன் வந்துவிட்டது.

"சபாஷ்! ஒரு சொட்டு ஒழுவல பாரு! நம்மூரு ஏரிக்கரை மாரியே கட்டிக்கிற. அந்தப் பெருச்சாளிங்க ஒனக்கு கோயில் கட்டும்டி."

5

சனிக்கிழமை காலை நான் போனபோது மேகன் அணைமேல் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். கரையில் வால்ட்டர், கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி. பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து நான் கொஞ்சம் முன்னாலேயே போய் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். அணையில் வழி இல்லாத தண்ணீர், அணையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய், வால்ட்டர் பக்கத்துக் கரையை ஒரு வாய் கடித்து எடுத்திருந்தது. அவருடைய வேலிக் கம்பம் ஒன்று கம்பியில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை அடைச்சது யாரு?" என்றாள் மேகன். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"நான்தான். ஒழுகிட்டிருந்தது" என்றேன்.

மேகன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மரத்தில் கட்டியிருந்த கேமராவின் படங்களைக் காட்டினாள். திங்கள், செவ்வாய், புதன், மூன்று ராத்திரியும் அந்த ஜோடி அணைக்குப் பக்கம் வந்திருக்கிறது. ஒரு படத்தில் ஒன்று காதை நிமிர்த்தி, ஒழுகுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வியாழனும் வெள்ளியும் வெறும் தண்ணீர்தான்.

"இது ஒழுகணும். வேணும்னேதான் அப்படிக் கட்டறோம். தண்ணி ஒழுகற சத்தம் கேட்டா பீவரால சும்மா இருக்க முடியாது. வந்து அடைச்சாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். அடைக்க அடைக்க, இது என்னோட அணைன்னு அதுக்குத் தோணிடும். அப்புறம் போகவே போகாது" என்றாள்.

அந்தச் சத்தம்தான் அழைப்பு. வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறோமே, அதுபோல. நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், பத்திரிகையைக் கிழித்து, கதவையும் சாத்திப் பூட்டிவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்று கரையில் நிற்கிறேன்.

வால்ட்டர் தொங்கும் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பனி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த இரண்டும் இந்நேரம் ரோட்டை நோக்கி நீந்திக்கொண்டிருக்குமோ என்ற நினைப்பு வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

6

வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் நின்று அழுதேன். செல்வம் பாவம், எது சொன்னாலும் வம்பு என்று டீ போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். கயல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து, முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, நீ எல்லாத்தையும் அடைப்பம்மா. ஜன்னல அடைப்ப. டப்பா மூடிய நான் திரும்பவும் திறக்கவே முடியாத மாதிரி அடைப்ப. நான் கார்ல பேசாம வந்தாகூட, அந்த சைலன்ஸ அடைக்கிறதுக்கு ஏதாவது கேட்டுட்டே இருப்ப. ஸ்கூல்ல என்ன, லஞ்ச் என்ன, யார் கூட உக்காந்தன்னு. எனக்கு பேசணும்னு தோணறதுக்குள்ள நீ பேசிடற."

அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். அவள் சொன்னது நிஜம். பதில் சொல்லாமலே இருந்து பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நாளைக்கு ஃபிக்ஸ் பண்ணப் போறீங்களா? நானும் வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். அடைத்ததைத் திறக்க வேண்டும். சொல்வது சுலபம். எங்கள் ஊரில் கரையை வெட்டுவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. "கரைய வெட்னவனே" என்று ஒருவரைத் திட்டிவிட்டால் இரண்டு குடும்பமும் தலைமுறைக்குப் பேசாது. நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அணைமேல் நிற்கிறேன், கை இறங்க மாட்டேன் என்கிறது. நான் மிதித்து இறுக்கிய மண். எவ்வளவு அழகாக இறுகியிருந்தது தெரியுமா?

"கண்ண மூடிக்கோம்மா, நான் எடுக்கிறேன்" என்று கயல் குனிந்து முதல் பிடி மண்ணைப் பிடுங்கினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவள் முகத்தில் அடித்தது. கத்திக்கொண்டே சிரித்தாள். பிறகு நானும் இறங்கினேன். ஒவ்வொரு பொத்தலாகத் திறக்கத் திறக்க, அந்தச் சளசளப்பு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, மதியத்துக்குள் ஓடை மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது.

செல்வம் வால்ட்டரின் வேலிக் கம்பத்தை நட்டுக் கொடுத்தார். கரை கடித்திருந்த இடத்தில் கல் போட்டு, விலோ கொம்புகளை முருங்கைப் போத்து நடுவது போல வரிசையாகச் செருகினோம். வால்ட்டர் வந்து கம்பத்தை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. தலையை ஒரு தரம் அசைத்துவிட்டுப் போனார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். வேலை முடிந்து வரும்போது வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். டிக்கியிலிருந்த ரப்பர் பூட்ஸை எடுத்துக் கயலிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் அதைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை மட்டும் எடுத்துத் தருவாள். தந்துவிட்டுத் தானும் வந்தாள்.

காரில் நான் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். முதல் சனிக்கிழமை ஊர் எல்லை தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது. பெட்ரோல் பங்க் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள், தோழியோடு வந்த மனஸ்தாபத்தைப் பற்றி. ஓடை வந்தபிறகும் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் கேமராவில் அந்த வாரமும் வெறும் தண்ணீர்தான். அதற்கு அடுத்த வாரமும். மலை உச்சியில் வெள்ளை விழ ஆரம்பித்துவிட்டது.

7

புரட்டாசி அமாவாசை சனிக்கிழமையில் வந்தது. வானத்துப் பனி கீழே இன்னும் இறங்கவில்லை, ஆனால் காலையில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து நொறுங்கியது. ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போன மேகன் சட்டென்று நின்றாள். கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள்.

சத்தம் இல்லை. வழக்கமாக அந்த வளைவு வந்தாலே சளசளப்பு கேட்கும். இப்போது லேசாக ஏதோ வழிகிற ஓசைதான் இருந்தது.

மேகன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். கயல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சத்தியமா நான் இல்ல!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். மொழி தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்தது.

ஓடினோம். அணையில் நாங்கள் திறந்துவிட்ட ஒவ்வொரு பொத்தலும் அடைபட்டிருந்தது. புதுச் சேறு, இன்னும் ஈரம் காயாமல் பளபளத்தது. சேற்றோடு தோல் உரித்த வெள்ளைக் குச்சிகள், கூழாங்கல், புல். அந்தச் சேற்றின் மேலே சின்னச் சின்னதாகக் கைத்தடம். ஐந்து விரல். குழந்தை சுவரில் கையை வைத்துவிட்டுப் போனது போல அங்கங்கே பதிந்திருந்தது. மேகன் முழங்காலிட்டு உட்கார்ந்து அதைத் தொடாமல் தொட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதை அடைக்க நான் போகவில்லை.

குளம் அகலமாகிவிட்டிருந்தது. போன வாரம் நாங்கள் நின்ற இடமெல்லாம் தண்ணீர். நிரம்பி, அணையின் விளிம்புக்கு வந்து, அந்த விளிம்பு முழுக்கக் கண்ணாடித் தாள் போல மெல்லிசாக மேலே ஏறி வழிந்துகொண்டிருந்தது.

"கோடி போவுதுடி!" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துவது போல இருந்தது. "கயல், கோடி போவுதுடி!"

என்ன, ஏது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தாத்தா எத்தனை தரம் விபூதிச் சாக்குக் கதையைச் சொல்லியிருப்பார். போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம் முடிந்து விளக்கு வைத்த நேரம். கடையில் நிற்க இடமில்லாத அமாவாசைக் கூட்டம். பின்னால் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸின் ஹாரன் விடாமல் கேட்டது. ஒரு கையில் தராசும் ஒரு கையில் போனுமாக நைனாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"யாபார நேரத்துல இன்னா கண்ணு?"

"தாத்தா, கோடி போவுது தாத்தா! பெருச்சாளி வந்துட்ச்சி!" என்றாள் கயல். செஞ்சியில் பிறந்து வளர்ந்தவள் தோற்றாள்.

நைனா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கயல் அணையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகக் காட்டினாள். கைத்தடத்தைக் காட்டினாள். வழிகிற தண்ணீரைக் காட்டினாள்.

"அடேங்கப்பா! பல்லு வெச்ச கொத்தனாருங்கடா!" என்றார் கடைசியில். தராசைக் கீழே வைத்தார். ஒரு டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. தட்டில் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்து, போனுக்கு முன்னால் காட்டினார். கூட்டத்தில் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குண்ணா கற்பூரம் காட்ற?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

"பெருச்சாளிக்குத்தான்மா! எம்பொண்ணு ஊர்ல ஏரி கோடி போவுது. இந்தா, நீயும் ஒண்ணு எடுத்துக்கோ. காசு வாணாம். வரிசையில வாங்க, எல்லாருக்கும் உண்டு!"

செஞ்சிக் கடைத்தெருவில் பீவருக்காகக் கற்பூரம் எரிந்தது. அது எரிகிற வெளிச்சத்தில் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கேட்கவில்லை. நான் இரண்டும் செய்துகொண்டிருந்தேன்.

வால்ட்டர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அணைக்குப் பக்கத்தில் நின்று குச்சி அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னோடதைவிட நல்ல கட்டு" என்றார். அந்த முகத்தில் முதல்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். மேகனிடம், "அந்த அடுத்த வளைவிலயும் ஒண்ணு போடலாம்" என்று சொல்லிவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனார்.

எல்லோரும் காபி குடிக்கப் போனபிறகு நான் மட்டும் அணைப் பக்கம் நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கரை ஓரமாக, விலோ கிளைக்குக் கீழே, அவை இன்னும் பார்க்காத ஒரு பொத்தல். விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. காலடியில் நல்ல களிமண். ஒரே ஒரு பிடி போதும்.

பின்னாலிருந்து கயல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரியமாகப் பிடித்தாளா, நான் குனிந்துவிடக்கூடாது என்று பிடித்தாளா தெரியாது. "ஒழுகட்டும், விடும்மா" என்றாள்.

விட்டேன். ராத்திரி அவை வருவதற்கு ஒரு வேலை வேண்டுமே. கயல் கையை எடுக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்காமல், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.